புகை நேராகப் போன குளிர்காலம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி சாம்பிராணி போட ஆரம்பித்தால், நான் எழுந்து ஜன்னல்களைத் திறக்க ஆரம்பிப்பேன். கல்யாணமான புதிதில் அவள் அதை நாத்திகம் என்று நினைத்தாள். பிறகு ஆஸ்துமா என்று நினைத்தாள். இப்போது எதுவும் நினைப்பதில்லை. "உங்க முனிசிபாலிட்டி வேலை முடிஞ்சதும் சொல்லுங்க, விளக்கு ஏத்தணும்" என்று தூபக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் நான் சொல்லாத கதைகள் மிகக் குறைவு. சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்பதுதான் அவள் புகார். இந்த ஒன்றைச் சொல்லாததற்குக் காரணம், இதில் நான் எதுவுமே செய்யவில்லை. நான் கதாநாயகனாக இல்லாத கதையை நான் ஏன் சொல்லப்போகிறேன்?

ஆனால் நம் வயதுக்காரர்களிடம் சொல்லலாம். பிள்ளைகளைக் கொஞ்சம் வளர்த்துப் பார்த்து, நம்மை எப்படி இவர்கள் உயிரோடு வளர்த்தார்கள் என்று ஆச்சரியப்படத் தொடங்கியிருக்கும் வயது நமக்கு. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பித்தான் நாம் தூங்கினோம். அவர்கள் எதை நம்பித் தூங்கினார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஒன்றையும் நம்பியிருக்கவில்லை, அசதி, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். டெல்லி சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மாடி வீடு. அப்பா ஒரு அமைச்சகத்தில் ஆபீசர். நான் நான்காம் வகுப்பு. அந்த வீட்டின் ஜன்னல்கள் சாத்தினாலும் திறந்திருக்கும் வகையைச் சேர்ந்தவை. டிசம்பரில் அந்த இடுக்குகள் வழியாக வரும் காற்று கத்தி போல நேராகக் காது மடலைத் தேடி வரும். திருநெல்வேலிக்காரரான அப்பா வெயிலுக்குப் பயப்பட மாட்டார், மேலதிகாரிக்குக்கூட ஓரளவுதான் பயப்படுவார். குளிருக்கு மட்டும் நடுங்குவார். ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இன்னொரு பண்டிகை நடக்கும்: ஜன்னல் ஒட்டுதல்.

மைதாவைக் காய்ச்சி, கரப்பான் தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்து, ஆங்கிலப் பத்திரிகையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒவ்வொரு இடுக்கையும் அப்பா ஒட்டுவார். நான் பட்டைகளை எடுத்துக் கொடுக்கும் உதவியாளன். பசை காய்ந்த பிறகு பரிசோதனை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அறை நடுவில் பிடிப்பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓட்டை. அங்கே இன்னொரு பட்டை. கடைசியில் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போகும். "பாத்தியா? ஒரு மூச்சுக் காத்து உள்ள வராது" என்பார். முகத்தில் ஒரு கோப்பைச் சரியாக முடித்து மேலே அனுப்பிவிட்ட நிம்மதி இருக்கும்.

அந்த வருடம் புகை இன்னும் நேராகப் போயிற்று. ஏனென்றால் வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தது.

தங்கை அக்டோபரில் பிறந்தாள். பிறந்த நாளிலிருந்து அழுதாள். சும்மா சிணுங்கும் அழுகை இல்லை. பிளாக் முழுவதற்கும் சேர்த்து அழுகிற அழுகை. கீழ் வீட்டில் குக்கர் விசில் கேட்பதில்லை என்றார்கள். யோசனை சொல்லாத ஆள் கிடையாது. தொப்புளில் பெருங்காயம் தடவு என்றார் ஒருவர். கிரைப் வாட்டர் என்றார் இன்னொருவர். "அழுதா நுரையீரலுக்கு நல்லது" என்று அப்பா எதிலோ படித்ததாகச் சொல்லிவிட்டு, அந்த நன்மை தன் காதில் விழாதபடி ஆபீசுக்குச் சீக்கிரமாகவே கிளம்பினார். அம்மாவின் பிறந்த வீட்டில் பிரசவம் பார்க்க ஆளில்லை. தூக்கமில்லாமல் அம்மா ஒருநாள் பருப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் அழுதாள். அன்றைக்குத்தான் அப்பா தன் அக்காவுக்குத் தந்தி கொடுத்தார்.

அத்தை வந்து இறங்கினாள். இரண்டு நாள் ரயில் களைப்பைக்கூட ஆறவிடாமல் குழந்தையை வாங்கி உற்றுப் பார்த்தாள். "என்னளா, பிள்ளைய இப்படிக் காய விட்டிருக்கே? எண்ண கண்ட உடம்பா இது?" என்று அம்மாவைக் கேட்டாள். தாழம்பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதற்குள் உரை மருந்து, பயற்றமாவு, வசம்பு, கருப்பட்டி, கட்டிச் சாம்பிராணி. ஊரில் அவள் குளிப்பாட்டி எடுக்காத குழந்தை இல்லை என்றும், அவள் கைபட்ட குழந்தை அடித்துப்போட்ட மாதிரி தூங்கும் என்றும் பெயர். எங்களுக்கு அந்த வர்ணனை அப்போது இனிமையாகத்தான் கேட்டது.

ஊரில் குளியல் வாசல்பக்கம், திறந்த வெளியில். டெல்லி டிசம்பரில் அது முடியாது. அத்தை ஒரு நிமிடம் யோசித்தாள். அப்பா ஒட்டி முடித்திருந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இது போதும்ல. கணப்பு ஒண்ணு வாங்கியா" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா மார்க்கெட்டிலிருந்து ஒரு அங்கீட்டி வாங்கி வந்தார். பார்த்திருப்பீர்கள்: தகர வாளியின் உள்ளே களிமண் பூசி, நடுவில் இரும்புக் கம்பி வைத்து, அடியில் சாம்பல் தள்ள ஒரு வாய் வெட்டியிருக்கும். டெல்லிக்காரர்கள் குளிர் காயும் அடுப்பு. எங்கள் சாம்பிராணியும் அவர்கள் அங்கீட்டியும் அன்றுவரை ஒரே அறையில் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு நாகரிகங்களைச் சேர்த்துவைத்த பெருமை எங்கள் வீட்டுக்கு உண்டு.

தினமும் காலையில் பால்கனியில் வைத்து அத்தை அங்கீட்டியைப் பற்றவைப்பாள். கண்ணைக் கரிக்கும் புகை எல்லாம் போய், கரி செக்கச்செவேல் என்று கனலும் வரை காத்திருப்பாள். பிறகு உள்ளே கொண்டுவருவாள். "புகை போன கங்கு பிள்ளைய ஒண்ணும் செய்யாது" என்பாள். கண்ணுக்குத் தெரிகிற புகையைத்தான் எங்கள் வீடு புகை என்று ஒப்புக்கொண்டது.

அறைக்குள் அவள் காலை நீட்டி உட்கார, குழந்தை அந்தக் கால்களின் மேல் குப்புறக் கிடக்கும். எண்ணெய், வெந்நீர், பயற்றமாவு. குழந்தை வீறிடும். துவட்டி முடிந்ததும் கங்கின் மேல் சாம்பிராணியைத் தூவுவாள். அந்த மணத்தின் மேல் குழந்தையை வாட்டமாகப் பிடித்து, தலைமுடியை விரலால் கோதி விடுவாள். முடி காயும்வரை கதவு திறக்கக் கூடாது. கதவின் கீழே பஞ்சு வைத்துத் தைத்த பழைய ரஜாய்ப் போர்வை ஒன்றைச் சுருட்டி அண்டக் கொடுத்திருக்கும். அங்கீட்டி அப்படியே அறையிலேயே இருக்கும், மத்தியானம் வரை கதகதவென்று.

குழந்தை தூங்கிவிடும்.

எப்படிப்பட்ட தூக்கம்! அந்த வீட்டில் முதன்முறையாகக் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அம்மா தன் தலையை வாரிக்கொண்டாள். அப்பா சத்தமாகப் பத்திரிகையைப் புரட்டினார், குழந்தை அசையவில்லை. அதைப் பார்த்து மகிழ்ந்து இன்னொரு தடவை புரட்டினார். "அக்கா கைராசி" என்றார். இந்தக் கதையைக் கேட்கிற உங்களுக்கு இப்போதே மூச்சு முட்டியிருக்கும். எங்களுக்குப் பெருமை முட்டியது. பிளாக் பெண்கள் தூங்கும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒரு தமிழ் மாமி பஸ் பிடித்து வந்து, தன் பேரனுக்காக முறையைக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு போனார். அத்தை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். "காத்து மட்டும் பட விட்றாதிய" என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள்.

அம்மா மட்டும் அவ்வப்போது தொட்டில் பக்கம் போய்க் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள்.

"என்ன மதினி, பால் குடிக்கிற நேரம் தாண்டிட்டு. எழுப்பட்டா?"

"தூங்குத பிள்ளைய எழுப்பாத. வளருத பிள்ள தூங்கத்தான் செய்யும். அழுதாலும் அழுதே, அழாட்டாலும் அழுதே நீ."

அம்மா விரலை எடுத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைப்பாள்.

அந்த மாதம் எங்கள் எல்லோருக்கும் தலைவலி. அதற்கு ஆளுக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. அம்மாவுக்குப் பிள்ளை பெற்ற உடம்பு. அத்தைக்கு டெல்லித் தண்ணீர். குளிர்கால விடுமுறையில் கதகதப்புக்காக அந்த அறையிலேயே உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்ட எனக்குத் தலை சுற்றி, ஒருநாள் நோட்டின் மேலேயே வாந்தி வந்தது. மார்க்கெட்டில் ஒளிந்து தின்ற கோல்கப்பா என்று தீர்மானித்தார்கள். நான் தின்றது உண்மைதான் என்பதால் எதிர்த்துப் பேசவில்லை. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலி வந்தது. ஆபீசில் வருவதில்லை. அது குடும்பத்தால் வருகிற தலைவலி என்ற முடிவுக்கு அவர் வந்தார். நாகரிகம் கருதி வெளியே சொல்லவில்லை, முகத்தில் மட்டும் வைத்துக்கொண்டார்.

எங்கள் கன்னம் எல்லாம் சிவந்திருந்தது. ஊர்க் கறுப்பு கொஞ்சம் வெளுக்கிறது என்று அதிலும் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

ஒரே ஒரு ஆள் சரியாகச் சொன்னார்: கீழ் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி. கேரட் அல்வாக் கிண்ணத்தோடு வந்தவர் அறைக்குள் காலை வைத்ததும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார்.

"அரே, பந்த் கமரே மே அங்கீட்டி? கிட்கி கோலோ பாபா, கிட்கி!"

அம்மா சிரித்து, "ஆன்ட்டி, பச்சி கோ டண்ட் லக் ஜாயேகி" என்றாள். குழந்தைக்குக் குளிருமாம்.

"என்னளா சொல்லுதா?" என்றாள் அத்தை. அவளுக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாது.

"மூடுன ரூமுல அடுப்பு வைக்காதிய, சன்னலத் திறங்கங்காவ."

"நல்லாருக்கு! பச்சப் பிள்ளைக்கு ஜன்னி வரட்டுங்காளா?"

இதில் ஆன்ட்டியின் பக்கம் ஒரு சிக்கல் இருந்தது. அவர் வாரத்துக்குப் பத்து யோசனை சொல்லக்கூடியவர். குழந்தைக்குப் பிராந்தி ஒரு சொட்டு கொடு என்பார். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதே என்பார். எங்கள் வீட்டு டிவி ஆண்டெனா பாகிஸ்தான் பக்கம் திரும்பியிருப்பதால்தான் குழந்தை அழுகிறது என்றுகூட ஒருதரம் சொன்னார். ஒன்பது யோசனைகளைக் கேட்டுத் தலையாட்டிப் பழகிய வீட்டில், பத்தாவதை மட்டும் அடையாளம் கண்டுபிடிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

அதோடு அவர் போகும்போது தொட்டிலைக் குனிந்து பார்த்து, "ஹாய் ரப்பா, கித்னே லால் லால் கால்! பில்குல் சேப்!" என்று உருகினார். கன்னம் ஆப்பிள் மாதிரி சிவந்திருக்கிறதாம். இதை அம்மா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் விரல் மடக்கிக் காட்டிய விதத்திலேயே அத்தைக்குப் புரிந்துவிட்டது. ஒரே மூச்சில் அந்த அம்மாள் இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது உயிர் காக்கிற விஷயம். எங்கள் வீட்டில் காதில் ஏறியது இரண்டாவது.

"கண்ணு வச்சிட்டுப் போறா பாரு" என்றாள் அத்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூடுபனி. பால்கனியில் நின்றால் எதிர் பிளாக் இல்லை, வேப்பமரம் இல்லை, கீழே சைக்கிள் மணி மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கோ போயிற்று. அப்பா வீட்டில் இருந்தார். பனி உள்ளே வந்துவிடும் என்று கதவடி ரஜாய்க்கு மேல் இன்னொரு ரஜாயையும் திணித்தார். ரோஷன்தான் என்று சொல்லும் மேல் ஜன்னலை ஏற்கெனவே பழைய காலண்டர் அட்டையால் அடைத்து ஒட்டியாயிற்று. ஊதுபத்தியைப் பிடித்தார். புகை உத்தரம் வரை ஆடாமல் போயிற்று. "ஏ ஒன்" என்றார்.

குளியல் முடிந்தது. அன்று குளிர் அதிகம் என்று அத்தை இரண்டு கை கரி கூடுதலாகப் போட்டிருந்தாள். குழந்தை சாம்பிராணிக்கு முன்னாலேயே தூங்கிவிட்டது. எல்லோரும் அந்த அறையிலேயே இருந்தோம். அப்பா நாற்காலியில் பத்திரிகையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு அசந்திருந்தார். எனக்கு எழுந்திருக்க வேண்டும் போல இருந்தது, கால் வரவில்லை. சோம்பேறித்தனம் என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன். அந்த வயதிலேயே எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது.

பால் கொடுக்கும் நேரம் வந்து, போயிற்று. அம்மா மூக்கருகே விரல் வைத்தாள். பிறகு உள்ளங்காலைச் சுண்டினாள். பிறகு பலமாகச் சுண்டினாள்.

"மதினி, பிள்ள முழிக்கல."

"முழிப்பா."

"இல்ல மதினி. சுண்டுனா காலை இழுக்க மாட்டேங்கா. கையப் பாருங்க, துணி மாதிரிக் கெடக்கு."

அத்தை வந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கணத்தில் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது; ஆனால் பயத்துக்கு அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"திருஷ்டி. அவ கண்ணுதான், வேற என்ன? மொளகா எடு."

ஊரிலிருந்து வந்த மிளகாய் முந்தின நாளே தீர்ந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்தாள். "ஏல, கீழ ஓடி நாலு மொளகா வாங்கிட்டு வா. போ."

கண் வைத்தவர் வீட்டிலேயே மிளகாய் கடன். இதில் இருந்த நியாயப் பிரச்சினையை யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை. கதவை ஒரு சந்து அளவு திறந்து என்னை வெளியே தள்ளி, உடனே மூடி, ரஜாயைத் திரும்ப அண்டக் கொடுக்கும் சத்தம் கேட்டது. படியில் இறங்கும்போது பனிக்காற்று முகத்தில் அடித்து எனக்குத் தலை தெளிந்தது. கால் வந்தது. அது எதனால் என்று நான் யோசித்திருந்தால் இன்றைக்கு விஞ்ஞானி ஆகியிருப்பேன். ஓடினேன்.

"மிர்ச்சி? கிஸ் லியே?" என்றார் ஆன்ட்டி. மிளகாய் எதற்காம்.

"நஸர் உதார்னே கே லியே." திருஷ்டி கழிக்க.

அவர் கண்கள் விரிந்தன. "ஹாய், பச்சி கோ நஸர்? கிஸ்கி லகி?" யார் கண்ணாம்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் எங்கள் மேல் அளவில்லாத பரிவோடு ஒரு டப்பாவைத் திறந்து, தன் ஊரிலிருந்து வந்த, சுருங்கிக் கறுத்த, விரல் பட்டாலே எரிகிற மிளகாயை நாலு கேட்டதற்கு ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். "சப் டால் தேனா" என்றார். எல்லாவற்றையும் போடச் சொன்னார். அவர் சொன்ன பதினோராவது யோசனை அது.

நான் திரும்பி வந்தபோது அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா முகத்திலிருந்து பத்திரிகை சரிந்து விழுந்திருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. கதவு மறுபடி சாத்தப்பட்டது. மிளகாயும் உப்பும் அத்தையின் மூடிய கையில். அந்தக் கை குழந்தையைச் சுற்றி வந்தது.

"ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, கீழ் வீட்டுக்காரி கொள்ளிக்கண்ணு" என்று சொல்லி, அங்கீட்டியில் எறிந்தாள்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். மிளகாய் எரிந்து நெடி வராவிட்டால் திருஷ்டி இருந்தது, கழிந்துவிட்டது என்று அர்த்தம். நெடி வந்தால் திருஷ்டியே இல்லை. உப்பு வெடித்தது. நாங்கள் எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தோம், விசாரணைக் கமிஷன் மாதிரி. ஒன்றும் வரவில்லை. அத்தை அம்மாவைப் பார்த்து, "சொன்னேன்லா?" என்றாள். அந்த "லா" முடியவில்லை.

வந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நெடியைச் சுவாசித்ததில்லை. தொண்டைக்குள் யாரோ கையை விட்டுப் பிடுங்கிய மாதிரி. அத்தை இருமினாள், நான் இருமினேன், நாற்காலியிலிருந்த அப்பா இருமிக்கொண்டே உயிர்த்தெழுந்தார். வழக்கமாக இரண்டு இருமலில் ஓய்ந்துவிடும். இது ஓய்கிற மிளகாய் இல்லை. அம்மா யாரையும் கேட்கவில்லை. குழந்தையை மாரோடு அணைத்து எழுந்தவள் ஒரு உதையில் இரண்டு ரஜாயையும் தள்ளி, கதவைத் திறந்து, பால்கனிப் பனிக்குள் போய்விட்டாள். அப்பா கண்ணீர் ஒழுக ஜன்னலைப் பிடித்து இழுத்தார். தான் ஒட்டிய பட்டையைத் தானே நகத்தால் கிழித்தார். நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து விழுந்தோம்.

பனியில் அம்மா தெரிந்தாள். குழந்தையின் தலை அவள் முழங்கை மேல் பின்னால் சாய்ந்திருந்தது. கீழேயிருந்து ஆன்ட்டியின் குரல், "க்யா ஹுவா?" என்று ஏறி வந்தது. அம்மா குழந்தையின் முகத்தில் ஊதினாள். இன்னும் ஊதினாள். அப்பா, "டாக்டர்" என்று சொல்ல ஆரம்பித்து, இருமலில் அந்தச் சொல்லைத் தொலைத்தார்.

குழந்தை தும்மியது.

பிறகு அழுதது. முதலில் கதவு கிறீச்சிடுகிற மாதிரி, பிறகு பழையபடி, பிளாக் முழுவதற்கும் சேர்த்து. எதிர்ப் பிளாக்கில் பனிக்குள் யாரோ ஜன்னலைத் திறந்து சலித்துக்கொண்டார்கள். அம்மா பால்கனித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் எல்லோர் கண்ணிலும் மிளகாய்.

இதற்குப் பிறகாவது எங்களுக்குப் புரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். எங்கள் குடும்பத்தை நீங்கள் அறியவில்லை. அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: நெடி வந்ததால் திருஷ்டி கிடையாது. கீழ் வீட்டுக்காரி நிரபராதி. "பாவம், அவள ஏசிட்டேன்" என்று அன்று சாயங்காலமே முறுக்கு சுற்றிக் கீழே அனுப்பினாள். ஆன்ட்டிக்குத் தன் மேல் வழக்கு நடந்ததே தெரியாது; முறுக்கு நன்றாக இருந்ததாகச் சொல்லியனுப்பினார். தலைவலி மாத்திரையின் கம்பெனியை மாற்றப்போவதாக அப்பா அறிவித்தார். இருட்டுவதற்குள் மைதாப் பசை காய்ச்சி, கிழித்த பட்டைகளைத் திரும்ப ஒட்டினார்.

மறுநாள் காலையில் அங்கீட்டி மறுபடி உள்ளே வந்தது.

ஆனால் ஏதோ மாறியிருந்தது. அப்பா மறு ஞாயிறு ஊதுபத்தியைப் பிடித்தபோது புகை நேராகப் போகவில்லை. முக்கால் உயரம் போய், யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் ஒட்டினார். மறுநாளும் சாய்ந்தது. ஸ்டூல் போட்டு ஏறினார், தரையில் படுத்துப் பார்த்தார், ஜன்னல் சட்டங்களைச் செய்த அரசாங்கத் தச்சரைத் திட்டினார். கடைசிவரை ஓட்டை கிடைக்கவில்லை. எனக்குத் தெரியும். அறைக்குள் வரும்போதெல்லாம் அம்மாவின் கால் கதவடி ரஜாயில் இடறும். இடறியதை அவள் சரிசெய்ய மாட்டாள். ரோஷன்தான் அட்டையின் மூலையில், பின்னல் ஊசி நுழைகிற அகலத்தில், ஒரு கிழிசலும் வந்திருந்தது. அம்மா அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

அவள் யாரிடமும் வாதாடவில்லை. வாதாட அவளிடம் காரணம் எதுவும் இல்லை. பிள்ளை உள்ளே துணி மாதிரிக் கிடந்தாள், வெளியே அழுதாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

எங்கள் தலைவலி போயிற்று. அப்பா புதிய மாத்திரையைப் பாராட்டினார். குழந்தையின் தூக்கம் குறைந்தது. குளித்த கொஞ்ச நேரத்தில் விழித்துக் கத்தத் தொடங்கினாள். அத்தைக்கு அது பெரிய அவமானம். பொங்கல் கழிந்து ஊருக்குக் கிளம்பும்போது ஸ்டேஷனில், "டெல்லித் தண்ணி என் கைராசியக் கெடுத்துட்டு" என்று கண் கலங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படிச் சொல்லாதிய மதினி" என்றாள்.

அந்த அங்கீட்டி என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வெயில் வந்ததும் அதில் அம்மா துளசி வைத்தாள் என்று நினைவு. குவார்ட்டர்ஸையே பிறகு இடித்துவிட்டார்கள். லக்ஷ்மிபாய் நகர் மாமியைப் பற்றி அம்மாவிடம் சில தடவை கேட்டிருக்கிறேன். "மாத்தலாகிப் போயிட்டாவ" என்பாள். அவர் பேரன் என்ன ஆனான் என்று கேட்டால், "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விடுவாள். ஒவ்வொரு குளிர்காலமும் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும்: மூடிய அறை, அங்கீட்டி, தூக்கத்திலேயே இறந்துபோன ஒரு குடும்பம். அப்பா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "படிக்காத சனங்க, பாவம்" என்பார். அவர் எம்.ஏ.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். தங்கை டெல்லியிலேயே, துவாரகாவில், பதினொன்றாவது மாடியில். அவளுக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை. அப்பாவும் அம்மாவும் அங்கே துணைக்குப் போயிருக்கிறார்கள். போன வாரம் காலையில் வீடியோவில் கூப்பிட்டாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"அண்ணா, இவ ஒரு செகண்டு தூங்க மாட்டேங்கறா. பூரா டவரும் கம்ப்ளெயின்ட் பண்ணுது. அத்தை ஏதோ செஞ்சு என்னைத் தூங்க வைப்பாங்களாமே? அப்பா சொன்னார், மேஜிக் மாதிரி இருக்கும்னு. உனக்கு ஞாபகம் இருக்கா? ஆன்லைன்ல கரி, சாம்பிராணி எல்லாம் மங்வாலியா, வந்தாச்சு."

"வேண்டாம்" என்றேன். "கரியைத் தூக்கிப் போடு. ஜன்னலத் திற."

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? வெளிய காத்து மாசு நம்பர் பாத்தியா? நானூறு தாண்டிருச்சு. டாக்டரே ஜன்னல் திறக்காதேன்னுட்டாங்க. அப்பா காலைலேர்ந்து டேப் போட்டு சீல் பண்ணிட்டு இருக்கார். இரு, பாரு."

கேமராவைத் திருப்பினாள். ஜன்னல் ஓரமெல்லாம் பழுப்பு டேப், மட்டம் பார்த்து ஒட்டினது போல. ஒரு மூலையில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம், பச்சை விளக்கோடு. நடுவில் அப்பா. முதுகு வளைந்திருந்தது, கையில் ஊதுபத்தி. புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அதே நிம்மதி. அவருக்குப் பின்னால் தரையில் வெள்ளைச் சாம்பலோடு ஒரு தூபக்கால் இருந்ததையும் பார்த்தேன். நான் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

அப்போது திரையின் ஓரத்தில் அம்மா வந்தாள். கையில் குழந்தையின் துணிகள். மெதுவாக, மூட்டு வலிக்காரர் நடக்கிற நடை. கதவுக்கு அடியில் சுருட்டித் திணித்திருந்த துண்டில் அவள் கால் இடறியது. துண்டு ஒரு பக்கமாக விலகிற்று. அவள் குனிந்து அதைச் சரிசெய்யவில்லை. தூபக்காலைக் கையில் எடுத்தாள். கேமராவை ஒரு தரம் பார்த்தாள். போய்விட்டாள்.

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. நல்ல சத்தம். டவர் முழுவதற்கும் சேர்த்து.

ஊதுபத்திப் புகை சாய்ந்தது.

"எங்கயோ ஒரு ஓட்டை இருக்குடா" என்றார் அப்பா, ஃபோன் பக்கம் திரும்பி, மிகுந்த வருத்தத்தோடு.

"தேடுங்கப்பா" என்றேன்.